இடுப்பு எங்கே இருக்கிறது?

கடையில் தொங்கும் ஹபாயாவின் கழுத்துக்குள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு சின்ன எண் தெரியும். 52, 54, 56, 58, 60. தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை எத்தனை அங்குலம் என்பதுதான் அது. வளைகுடாவிலிருந்து பெட்டியில் வந்தாலும் சரி, கிழக்கிலங்கையின் கல்முனையில் வாங்கினாலும் சரி, கணக்கு ஒன்றே. ஐந்தடியை ஒட்டிய உயரத்துக்கு 52. ஐந்தடி ஐந்து அங்குலத்துக்கு 56. மார்புச் சுற்று, தோள் அகலம், கை நீளம் எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும்.

பிடித்த நிறம், பிடித்த வேலைப்பாடு, பொருத்தமாக ஒரு பெல்ட். ஆனால் கடையில் மிஞ்சியிருப்பது 56 மட்டும். நிந்தவூரில் ஐந்தடிப் பெண் என்ன செய்வாள்? வாங்கிவிடுவாள். மறுநாள் அது தையல் மெசின் இருக்கிற வீட்டுக்குப் போகும்.

“ராத்தா, இத எனக்கு அளவாக்கித் தாங்க.”

“கீழால நாலு இஞ்சி வெட்டி மடிச்சாச் சரிதானே புள்ள?”

“ஓம் ராத்தா, பெருநாளைக்கு முன்னுக்குத் தந்தாப் போதும்.”

பெருநாளுக்கு முன்னால் உடுப்பும் வந்துவிடும். நீளம் கச்சிதமாக இருக்கும், தரையில் இழுபடாது. ஆனாலும் கண்ணாடிக்கு முன்னால் நின்றால் ஏதோ சரியில்லை. உடம்பு நீண்டு, கால் குறுகி, இருக்கிற உயரத்திலும் கொஞ்சம் போய்விட்டதுபோலத் தெரியும். “நான் கட்டை, எனக்கு பெல்ட் சரிவராது” என்று முடிவு கட்டி, பெல்டைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிடுவார்கள். ஊருக்குள் விசாரித்தால் இப்படி அலுமாரிக்குள் கிடக்கிற பெல்டுகள் நிறையவே கிடைக்கும் என்பது என் ஊகம்.

பெல்டின் மேல் குற்றம் இல்லை. 56ஐ வெட்டியவர் கீழே நான்கு அங்குலத்தை எடுத்தார். மேலே ஒன்றையும் தொடவில்லை. அந்த உடுப்பின் இடுப்பு ஐந்தடி ஐந்து அங்குலப் பெண்ணின் இடுப்பு. ஆளுக்கு ஆள் சற்று மாறினாலும், தோளிலிருந்து இடுப்பு வரையுள்ள தூரம் மொத்த உயரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. உயரத்தில் ஐந்து அங்குலம் குறைந்தால், இடுப்பும் ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறியாக வேண்டும். பெல்டைப் பிடித்து நிற்கிற நூல் காதுகள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. போதாததற்கு, பாரமான கொக்கி பெல்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுக்கும். முடிவில் இடுப்பில் இருக்க வேண்டிய கோடு வயிற்றின் கீழ்ப்பாதியில் போய் விழுகிறது. பார்க்கிறவரின் கண் அந்தக் கோட்டிலிருந்துதான் காலை அளக்கத் தொடங்கும். வெட்டியதும் கீழே, கோடு இறங்கியதும் கீழே. இரண்டு பக்கத்தாலும் நட்டம் காலுக்குத்தான்.

பழைய உடுப்புகளில் இந்தச் சிக்கல் கிடையாது. சாரியை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்டைக்கும் கட்டைக்கும் ஒரே அகலச் சாரி. உயரம் குறைந்தவர் இடுப்பில் கூடுதலாகச் சொருகிக்கொள்வார். விளிம்பை யாரும் வெட்டுவதில்லை. ஆண்களின் சாரனும் அப்படியே, மிஞ்சினால் இடுப்பில் ஒரு சுருட்டுச் சுருட்டினால் சரி. ஜப்பானியர் இதை ஒரு கலையாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். பெண்களின் கிமோனோ உடுத்துபவரின் தேவையைவிட நீளமாகவே தைக்கப்படும். மிஞ்சிய நீளத்தை இடுப்பருகே மேலே தூக்கி மடித்துக் கட்டுவார்கள். அந்த மடிப்புக்கு ஓஹஷோரி என்று பெயர். அதன் மேல்தான் முப்பது சென்ரிமீற்றர் அளவு அகலமான ஓபிப் பட்டி ஏறும். மிஞ்சிய நீளம் இடுப்பில் ஒடுங்குவதால் விளிம்பும் கெடாது, கட்டும் கோடு அவரவர் இடுப்பிலேயே நிற்கும். தைத்து முடித்து வருகிற உடுப்பில் மட்டும்தான் உயரத்தைக் காலடியில் வெட்டுகிறோம்.

இதைத் தொழில் ரீதியாக முதலில் பிடித்தவர்களில் ஒருவர் நியூயோர்க்கைச் சேர்ந்த ஆடை வடிவமைப்பாளர் ஹன்னா ட்ரோய். அமெரிக்காவில் 1939, 1940ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்து, ஆடைகளுக்கு ஒரு பொது அளவு காண முயன்றது. அதன்பின் உலகப் போர்க்காலத்தில் படையில் சேர்ந்த பெண்களின் அளவுகளும் பதிவாயின. அந்தப் பதிவுகளில் ட்ரோயின் கண் தங்கியது உயரத்தில் அல்ல, தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட நீளத்தில். பெரும்பாலான பெண்களுக்கு அது கடை உடுப்பில் இருப்பதைவிடக் குறைவு. அதன்படி இடுப்பை உயர்த்தி அவர் வெட்டிய உடுப்புகளிலிருந்துதான் இன்று ‘பெற்றீற்’ என்று தனிப் பிரிவாக விற்கப்படும் அளவுகள் வளர்ந்தன. வெறுமனே நீளம் குறைத்த உடுப்பு பெற்றீற் ஆகாது. தோள், கைக்குழி, இடுப்பு, கை நீளம் எல்லாமே மாற வேண்டும்.

மேற்கில் இந்தப் பிரிவுக்கான எல்லை ஏறத்தாழ ஐந்தடி நான்கு அங்குலம். அதற்குக் கீழே உள்ளவர்கள் தனி வகை, அவர்களுக்குத் தனித் தட்டு. 2016இல் வெளிவந்த உலகளாவிய உயர ஆய்வொன்றின்படி இலங்கைப் பெண்ணின் சராசரி உயரம் 155 சென்ரிமீற்றர் அளவு, அதாவது ஐந்தடி ஓர் அங்குலம். அப்படியென்றால் நாட்டில் மிகப் பெரும்பாலான பெண்கள் அந்தத் தனித் தட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். இங்கே அவர்கள்தான் சராசரி. அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் உடுப்புத் தைத்து அனுப்பி அந்நியச் செலாவணி ஈட்டுகிற நாடு இது. நம் பெண்களின் கைகளே பகல் முழுக்க நெடிய உடம்புகளுக்கு அளவெடுத்துத் தைக்கின்றன. அந்தப் பெண்கள் பெருநாளைக்கு வாங்குவதும் வேறு யாருடைய இடுப்புக்கோ வெட்டிய ஹபாயாதான். ‘நான் கட்டை’ என்று சொல்வதற்கு முன்னால் இதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

சரி, இடுப்பை எங்கே தேடுவது? அளவு நாடாவும் வேண்டாம். கண்ணாடிக்கு முன்னால் நேராக நின்று, ஒரு பக்கமாகச் சாயுங்கள். உடம்பு மடிகிற இடம் எதுவோ அதுதான் இடுப்பு. தொப்புளுக்குச் சற்று மேலே இருக்கும். பலர் நினைப்பதைவிட மேலே. பிறகு மார்புக்குக் கீழே ஒரு கையைக் குறுக்காக வையுங்கள், அதற்குக் கீழே மற்றக் கை. இரண்டாவது கை முடிகிற இடத்தில் இடுப்பு வந்தால் உடம்பும் காலும் சமன். இரண்டாவது கைக்கே இடம் போதவில்லை என்றால் மேலுடம்பு குறுகியது. இரண்டு கையும் வைத்த பிறகும் இடம் மிஞ்சினால் மேலுடம்பு நீளம், கால் குறைவு. ஒரே ஐந்தடிக்குள் இந்த மூன்று வகையினரும் இருக்கிறார்கள். ‘உயரம் குறைந்தவர்கள் பெல்டை உயர்த்திக் கட்டுங்கள்’ என்று எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுக்கிறவர்கள் மறப்பது இதைத்தான். மேலுடம்பு நீண்டவருக்கு உயர்த்திக் கட்டுவது அழகு. கொரிய நாடகங்களில் நெஞ்சுவரை ஏறிக் கட்டிய பாவாடைகளைப் பார்த்திருப்பீர்கள். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக்காரிகளும் மார்புக்குக் கீழேயே இடுப்பை வைத்துக்கொண்டார்கள். அதன் கீழே தெரிகிற துணி முழுவதும் கால் என்றே கண் எடுத்துக்கொள்ளும். ஆனால் மேலுடம்பே குறுகியவர் அப்படிக் கட்டினால் கழுத்துக்கு அடுத்து பெல்ட் என்றாகிவிடும். அவருக்கு இயல்பான இடுப்பே நல்லது, பெல்ட் மெலிந்ததாக இருந்தால் போதும்.

அகலத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. ஐந்தடிப் பெண்ணுக்கு மார்பின் கீழிருந்து இடுப்பெலும்பு வரை ஒரு சாண் இருந்தால் அதிகம். மூன்று அங்குல பெல்ட் அதில் மூன்றிலொன்றுக்கு மேல் விழுங்கிவிடும். ஓர் அங்குலம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. கொக்கியும் அந்த அகலத்துக்குள்ளேயே அடங்கட்டும். கல் பதித்த பெரிய வட்டக் கொக்கி கடை விளக்கில் மினுங்கும். உடம்பில் ஏறினால் அது மட்டும்தான் தெரியும்.

நிறம்தான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். கறுப்பு ஹபாயாவில் தங்க நிற பெல்ட் கட்டினால் உடம்பு இரண்டு துண்டு. கறுப்பிலேயே, அதே துணியிலேயே கட்டினால் இடுப்பு தெரியும், துண்டு தெரியாது. குறுக்குக் கோடு என்றாலே குண்டாகக் காட்டும், கட்டையாகக் காட்டும் என்று ஒரு பயம் நம்மிடம் உண்டு. அதற்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், குறுக்குக் கோடுகள் நிறைந்த ஒரு சதுரம் நெடுக்குக் கோடுகள் நிறைந்த அதே அளவுச் சதுரத்தைவிட உயரமாகத் தெரிகிறது என்று எழுதி, பெண்களின் உடுப்புக்கும் இது பொருந்தும் என்றார். இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தொம்ப்சன் குழுவினர் அதை மீண்டும் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள்; குறுக்குக் கோடு பருமனாகக் காட்டும் என்ற பரவலான நம்பிக்கையை அந்த முடிவுகள் ஆதரிக்கவில்லை. பல கோடுகளுக்குச் சொன்னதை ஒற்றைப் பெல்டுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் குறுக்கே போகிறது என்பதற்காகவே பெல்டைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. எங்கே குறுக்கே போகிறது, எவ்வளவு உறைக்கும் நிறத்தில் போகிறது என்பவையே கேள்வி.

ஸ்காஃபும் பெல்டும்

வெளிநாட்டுச் சஞ்சிகைகள் பெல்ட் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அவை எழுதாத ஒன்று நிந்தவூருக்கும் சாய்ந்தமருதுக்கும் அக்கரைப்பற்றுக்கும் அன்றாட விசயம். தலையிலிருந்து நெஞ்சுக்கு மேல் விழுகிற ஸ்காஃபைத்தான் சொல்கிறேன். அதன் நுனியும் ஒரு குறுக்குக் கோடு. பெல்ட் இன்னொன்று. கீழ் விளிம்பு மூன்றாவது. ஐந்தடி உயரத்தில் இந்த மூன்றும் மூன்று வேறு நிறத்தில் வந்தால் எந்தத் தையல்காரராலும் காப்பாற்ற முடியாது. ஸ்காஃப் நுனி பெல்டை அரைவாசி மறைத்து, அரைவாசி காட்டிக்கொண்டு நிற்பது இன்னும் மோசம். பெல்ட் கட்டியது அவசரத்தில் செய்த வேலைபோல இருக்கும்.

இதற்கு இரண்டு வழிதான் ஒழுங்காக நிற்கும். ஸ்காஃப் நெஞ்சை மூடி, பெல்டுக்கு நாலு விரல் மேலேயே முடியட்டும். நுனியை ஓர் அலுப்பனத்தியால் தோள்பட்டையில் குத்திவிட்டால் காற்றுக்கும் எழும்பாது. இல்லையென்றால் ஸ்காஃபை நன்றாக நீளவிட்டு பெல்டை முழுதாக மறைத்துவிடுங்கள். அப்போது பெல்டின் வேலை உடுப்பைப் பிடித்து வைப்பது மட்டுமே. ஸ்காஃபும் ஹபாயாவும் ஒரே நிறக் குடும்பத்தில் இருந்தால் தலை முதல் கால் வரை ஒரே ஓட்டமாக இருக்கும். உயரத்துக்கு அதைவிட உதவுவது குதி உயர்ந்த செருப்புக்கூட இல்லை.

அடுத்ததாக வருவது, பெல்ட் கட்டலாமா என்ற கேள்வி. ஹபாயா உடம்பின் வடிவத்தை மறைப்பதற்குத்தானே, அதை இறுக்கிக் கட்டினால் பிறகென்ன மறைப்பு என்று வீட்டில் மூத்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கட்டுவதா விடுவதா என்பது அவரவர் மார்க்கப் பற்றும் வீட்டுப் பழக்கமும் தீர்மானிக்கிற விசயம். ஒரு உடுப்புக் கட்டுரை அதில் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. ஆனால் தையலில் இதற்கு வழி இருக்கிறது. முன்பக்கம் திறந்த ஹபாயாவை மேலங்கியாகப் போட்டு, பெல்டை உள்ளே இருக்கிற உடுப்பில் கட்டுவதுதான் நான் பார்த்தவற்றுள் நல்லது. மேலங்கி இரண்டு பக்கமும் மூடிவிடும். நடுவில் ஒரு கையகலத்துக்கு மட்டும் பெல்ட் தெரியும். இடுப்பின் வளைவு வெளியே வராது. மேலங்கியின் இரண்டு ஓரங்களும் தோளிலிருந்து கால் வரை இரண்டு நெடுங்கோடுகளாக இறங்குவதால் ஆள் உயரமாகத் தெரிவார். அடக்கமும் உயரமும் ஒரே வெட்டில் கிடைக்கின்றன. இன்னொரு வழி, பெல்டை முன்பக்கம் மட்டும் வைத்து, விலாவோடு தையலில் முடித்துவிட்டு, முதுகுப்பக்கத்தைத் தளர்வாக விடுவது.

ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் குறையாகிவிடும். நம் பக்கத்தில் பெல்டை முதலில் பெருமையாகக் கட்டியவர்கள் அவர்கள்தானே. சாரனுக்கு மேலே நாலு விரல் அகலத்தில் வார், அதில் காசு வைக்க ஒரு பை. வயல் கணக்கும் சந்தைக் கணக்கும் அந்தப் பைக்குள்ளேதான் முடிந்தது. கட்டையான மூத்தாப்பாமார் அதை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு கம்பீரமாக நடந்திருக்கிறார்கள். உயரம் குறைவாகத் தெரியுமே என்று யாரும் அவர்களுக்குக் கட்டுரை எழுதவில்லை.

தையல்காரரிடம் என்ன சொல்வது

‘கீழால வெட்டுங்க’ என்பதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டியது நீளமான பேச்சில்லை. பெல்ட் காதுகளைப் பிரித்து, என் இடுப்புக்கு மேலேற்றித் தையுங்கள் என்றால் போதும். நூலால் பின்னிய காது என்றால் ஐந்து நிமிட வேலை. இடுப்பில் வெட்டுத் தையல் இருக்கிற உடுப்பு என்றால் அந்தத் தையலையே பிரித்து, மேல் துண்டில் தேவையான அளவை எடுத்துவிட்டு மறுபடி பூட்ட வேண்டும். நேரம் எடுக்கும், கூலியும் கூடும், கொடுக்கலாம். அளவு பார்க்கும்போது வழக்கமாகப் போடும் உள்ளுடுப்போடும் செருப்போடும் நில்லுங்கள். பெருநாளுக்கு முந்திய வாரத்தில் மட்டும் இதைக் கேட்காதீர்கள். அந்த வாரத்தில் எந்தத் தையல் ராத்தாவுக்கும் மூச்சு விட நேரம் கிடையாது.

வெட்டி எடுத்த நாலு அங்குலத் துணியை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹபாயாவின் கீழ்ச் சுற்று பெரியது என்பதால் அந்தத் துண்டை நடுவால் மடித்துத் தைத்தாலே அதே துணியில் பெல்ட் தயார். விளிம்பு வட்டமாக வெட்டப்பட்டிருந்தால் துண்டும் வளைந்திருக்கும். அப்போது இரண்டு மூன்று நேர்த்துண்டுகளாக வெட்டி ஒட்டுப்போட வேண்டும். உள்ளே மெல்லிய கன்வஸ் வைத்தால் சுருங்காது. நிதா, கிரேப் போன்ற வழுக்கும் துணிக்கு அது கட்டாயம்.

புதிதாகத் துணி எடுத்துச் செய்வதென்றால் நிந்தவூருக்கு வடக்கே மருதமுனை இருக்கிறது. கைத்தறிச் சாரிக்கும் சாரனுக்கும் பெயர் போன ஊர். கைத்தறித் துணியில் பெல்ட் வெட்டும்போது பாவு நூல் போகிற திசையிலேயே நீளவாக்கில் வெட்ட வேண்டும். அந்தத் திசையில் துணி இழுபடுவது குறைவு. ஊடைப் பக்கமாக வெட்டினால் நாலு தரம் கட்டியதும் நீண்டு தொங்கும். சாரிக்கரையை மட்டும் எடுத்துப் பட்டியாக்கினால் ஒரு பக்க ஓரம் தானாகவே பிரியாமல் இருக்கும், அந்தப் பக்கம் மடித்துத் தைக்கும் தடிப்பும் மிச்சம். ஒற்றை நிறச் சட்டைக்கு, அந்த நிறமே ஓடுகிற கரையாகப் பார்த்து எடுப்பது நல்லது.

முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுகிற துணிப் பெல்டுக்கு ஓர் எச்சரிக்கை. நுனி தொடைக்குக் கீழே இறங்கக் கூடாது. உயரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஸ்கூட்டியிலும் மோட்டார் சைக்கிளின் பின்னாலும் போகிற பெண்கள் இன்று நம் வீதிகள் முழுக்க இருக்கிறார்கள். கடற்காற்றுக்கு எழும்புகிற நுனி சில்லுக்குள் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஏறும் முன் நுனிகளைக் கட்டுக்குள் சொருகிவிடுங்கள். சங்கிலிப் பெல்ட், குஞ்சம் வைத்த பெல்ட் இரண்டையும் பயணத்துக்குத் தவிர்த்துவிடலாம்.

மணப்பெண்ணின் கதை வேறு. கலியாணத்தில் பெண்கள் பக்கம் தனி என்பதால் அங்கே ஹபாயா கழன்று, உள்ளே இருக்கிற வேலைப்பாடெல்லாம் வெளியே வரும். இப்போது சாரிக்கு மேல் இடுப்புப் பட்டி வைக்காத மணப்பெண்ணைக் காண்பது அரிதாகி வருகிறது. வாடகைக்கு எடுக்கும் நகைத் தொகுதியில் அதுவும் ஒன்று. பெரும்பாலும் அகலமானது, விறைப்பானது, நடுவில் பெரிய பதக்கத்தோடு வருவது. கட்டையான பெண்ணுக்கு அதைக் கட்டிவிட்டால் முன்கொசுவத்தின் நெடுங்கோடுகளின் மேற்பகுதி அதற்குள் ஒளிந்துகொள்ளும். உயரம் தருவதே அந்தக் கொசுவம்தான். தொகுதியில் மெல்லிய சங்கிலி வகை இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இருந்தால் ஒரு பக்கம் சற்று மேலாகவும் மறுபக்கம் சற்றுக் கீழாகவும் சரித்துக் கட்டலாம். சரிந்த கோடு நேர்கோட்டைப்போல உடம்பை வெட்டாது. அளவை நின்றபடி மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சாரி கட்டி, கதிரையில் உட்கார்ந்து, ஒரு கவளம் சாப்பிட்டும் பாருங்கள். உட்கார்ந்தால் இடுப்புச் சுற்று கூடும், மணப்பெண்ணோ பல மணி நேரம் உட்கார்ந்தே இருப்பாள். கொக்கிக்கு இரண்டு துவாரமாவது மிச்சம் இருக்க வேண்டும்.